இரண்டாவது கிளியின் சிறகு

தண்ணீர் சேந்தலாம் என்று வாளியை இறக்கிய பொன்னியம்மாளுக்கு அது தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். வாளி அவளுடைய அண்ணியின் முதுகின் மேல் கிடந்தது.

1967ஆம் வருஷம், காணும் பொங்கல். காலை பதினோரு மணி. பிள்ளையார்பாளையத்தில் அன்று தறிச் சத்தமே இல்லை. முந்தின நாள் பெருமாளின் பார்வேட்டைத் திருவிழாவுக்காகத் திருமுக்கூடல் போன பாதித் தெரு இன்னும் திரும்பி வரவில்லை. அவளுடைய அலறலுக்கு ஓடி வந்தது பக்கத்து வீட்டுக் கங்கையம்மாளும் எதிர்வீட்டுக் கண்ணாயிரமும் மட்டும்தான். கண்ணாயிரம் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினார். மேலே தூக்கிக் கிடத்தியபோது ரேணுகாம்பாளின் காதில் தோடு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது, பின்மண்டையில் ஒரு பிளவு இருந்தது. இருபத்து நாலு வயதுப் பெண். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தேவசகாயம் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அவர் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. போலீஸ்காரருக்கு அது அழகில்லை என்பது ஏட்டு முனிரத்தினத்தின் கட்சி. அந்தக் குறையை ஈடுகட்ட முனிரத்தினம் இரண்டு பேருக்கும் சேர்த்து அதட்டுவார்.

வீட்டில் மூன்றே பேர். நெசவாளி பழனி, அவன் மனைவி ரேணுகாம்பாள், பழனியின் தங்கை பொன்னியம்மாள். தாய் தகப்பன் இல்லை. பொன்னியம்மாளுக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"எப்பம்மா வந்தே?" என்று தேவசகாயம் அவளைக் கேட்டார்.

"பத்து மணி இருக்கும் சார். பார்வேட்டைக்குப் போய் எங்க அத்த வூட்ல தங்கிட்டேன். காலைல பஸ்ஸு புடிச்சி வந்தேன்."

"வீட்டுல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. கதவு சாத்தியிருந்துது. அண்ணி, அண்ணின்னு கூப்ட்டேன். கட்டில்மேல தலகாணி உறை கெடந்துது, ஊசியோட. கங்கையம்மாக்கா வூட்டுக்குப் போயிருக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"பொங்கப் பானையெல்லாம் போட்டது போட்டபடி கெடந்துது. சாம்பல் போட்டு அத்தத் தேய்ச்சேன். கழுவத் தண்ணி பத்தல. அதான் கெணத்துக்குப் போனேன்."

"அண்ணன் எங்கே?"

"வாலாஜாபாத்துக்கு. அண்ணியோட அப்பா வூட்டுக்கு. முந்தாநாளே சொல்லிக்கினு இருந்துச்சி."

அவள் அழவில்லை. சாம்பல் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். முனிரத்தினம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் போய்ச் சொல்லி, பழனி மூன்று மணிக்கு வந்தான். கூடவே மாமனார் தணிகாசலம். வாலாஜாபாத்தில் அரிசி மண்டியில் வேலை பார்க்கிறவர். மகளின் உடம்பைப் பார்த்ததும் பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பழனி தறிக்குழிக்குப் பக்கத்தில் சுவரோரம் போய் நின்றான். முப்பது வயது, ஒல்லியான ஆள்.

"எத்தனை மணிக்குப் புறப்பட்டே?"

"எட்டு மணி பஸ்ஸு சார்."

"அப்போ உன் சம்சாரம் என்ன செஞ்சிக்கிட்டிருந்தாங்க?"

"தெச்சிக்கினு இருந்துது. நீயும் வான்னு கூப்ட்டேன். உறைய முடிச்சிட்டு நாளைக்கு வரேன்னுச்சி."

தணிகாசலம் தலையைத் தூக்கினார். "ஒம்போதுக்கெல்லாம் மாப்ள வந்துட்டாரு சார். எங்கூடவேதான் இருந்தாரு. எலை போட்டு, பக்கத்துல ஒக்காத்தி வெச்சி சாப்ட்டோம். எம்பொண்ணு நாளைக்கு வரும்னுதான் நான் சாயந்தரம் கடைக்குப் போவணும்னு..."

பஸ் கண்டக்டரும் பழனியை அடையாளம் சொன்னார். சாயங்காலம் டாக்டர் ஒரு சங்கதி சொன்னார். ரேணுகாம்பாள் தண்ணீர் குடிக்கவில்லை. கிணற்றில் விழும் முன்பே உயிர் போய்விட்டது. எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார். தை மாதத்துக் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியில் உடம்பை வைத்து நேரம் சொல்ல முடியாதாம்.

அந்த நேரத்தைச் சொன்னது தலையணை உறைதான்.

ரேணுகாம்பாளின் கைவேலை அந்தத் தெருவில் பிரசித்தம். நாத்தனார் கல்யாணத்துக்கென்று அவள் ஒரு வருஷமாகத் தைத்தது எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஓரம் முழுக்க முல்லைக் கொடி ஓடும் படுக்கை விரிப்பு, நான்கு மூலையிலும் தாமரை பூத்த மேசை விரிப்பு, அன்னம் தைத்த தலையணை உறை. பட்டுச் சேலை நெய்கிற ஊரில் வெறும் வெள்ளைப் பருத்தித் துணிக்கு என்ன மரியாதை என்று முதலில் சிரித்தவர்களெல்லாம் பிறகு தங்கள் பெண்களை அவளிடம் அனுப்பி ஊசி பிடிக்கச் சொன்னார்கள். பொன்னியம்மாளும் அவளிடம்தான் கற்றுக்கொண்டாள். கடைசி உருப்படி, எதிரெதிரே இரண்டு பச்சைக் கிளிகள் உட்கார்ந்திருக்கும் இந்த உறை.

"நேத்து சாயந்தரம் பாத்தேன் சார்" என்றாள் கங்கையம்மாள். "ஒரு கிளி முடிஞ்சிடிச்சி. ரெண்டாவதுக்கு மூக்கு, ஒடம்பு, வாலு எல்லாம் ஆயிடிச்சி. செறகு மட்டும் வெறும் பென்சில் கோடா இருந்துது. 'மிச்சத்தக் காலைல பாத்துக்கறேன்க்கா'ன்னு சொல்லிச்சி. வெளக்கு வெச்சிட்டா அது ஊசியத் தொடாது."

இப்போது அந்தச் சிறகு பாதிக்கு மேல் பச்சையாக நிரம்பியிருந்தது.

முனிரத்தினம் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "வெளிச்சம் வந்தப்புறம்தான் பொண்ணு ஊசியத் தொட்டிருக்கா. இத்தச் செய்ய ரெண்டு மணி நேரமாவது ஆவும்னு கங்கையம்மா சொல்லுது. அப்ப ஒம்போது வரைக்கும் உசிரோட இருந்திருக்கா. அந்நேரம் புருஷன் வாலாஜாபாத்துல. பத்து மணிக்கு வந்தவ ஒருத்திதான். இன்னொண்ணு, பொங்கலன்னிக்கு நாத்தனாருக்கும் அண்ணிக்கும் வாக்குவாதம். 'எனக்கு இந்த உறையும் வேணாம் ஒண்ணும் வேணாம்'னு பொன்னி சொன்னத கங்கையம்மா காதால கேட்டிருக்கு. இத்த விட இன்னா சார் வேணும்?"

வாசலிலிருந்து தணிகாசலமும் அதைக் கேட்டார். எழுந்து வந்து பொன்னியம்மாளின் முன்னால் நின்றார். "ஒனக்குத்தானேம்மா கண்ணு போவத் தெச்சிக்கினு இருந்தா" என்றார். "இவள இட்டுக்கினு போங்க சார். இவ மொகத்த என்னால பாக்க முடியல."

பொன்னியம்மாள் அண்ணனைப் பார்த்தாள். பழனி தரையைப் பார்த்தான்.

ஒரு பெண்ணைக் கொலைக் கேஸில் உள்ளே தள்ளினால் என்ன ஆகும் என்று தேவசகாயத்துக்குத் தெரியும். ஆறு மாசம் கழித்துக் கோர்ட் விடுதலை செய்தாலும் கல்யாணம் திரும்பி வராது, பேரும் திரும்பி வராது. "நாளைக்குப் பார்க்கலாம். அதுவரைக்கும் யாரும் ஊரைவிட்டுப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். ஏட்டு வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

தேவசகாயத்தைப் பற்றி அந்த ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவருக்குப் பூத்தையல் தெரியும். கூலிக்காரக் குடும்பத்துப் பையன். எட்டு வயதில் மிஷன் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மத்தியான வேளையில் பையன்களின் கையிலும் ஊசியைக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் தைத்த மேசை விரிப்புகள் கப்பலேறிச் சீமைக்குப் போகும். பதினைந்து வயதுவரை அவர் தைத்திருக்கிறார். காக்கிச் சட்டை போட்ட பிறகு அதை வெளியில் சொல்லிக் கேலிக்கு ஆளாவானேன் என்று வாயை மூடிக்கொண்டார். ஆனால் கைப்பழக்கம் போகவில்லை. பூத்தையல் எதைக் கையில் வாங்கினாலும் முதலில் புரட்டிப் பின்புறத்தைப் பார்ப்பார். போர்டிங்கில் டீச்சரம்மா அப்படித்தான் பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் மதிப்பெண்.

ஆனால் புரட்டும் முன்பே ஒன்று கண்ணில் பட்டது. துணியை இறுக்கிப் பிடிக்கும் மர வளையம் உறையிலேயே மாட்டியிருந்தது. நல்ல தையற்காரி எழுந்து போகும்போது வளையத்தைக் கழற்றிவிட்டுத்தான் போவாள். விட்டால் துணியில் வட்டமாகத் தடம் விழுந்துவிடும், எத்தனை துவைத்தாலும் போகாது. பெட்டியிலிருந்த ஒரு துணியிலும் அப்படித் தடமில்லை.

புரட்டினார்.

முதல் கிளியின் பின்புறம் முன்புறத்தைப் போலவே சுத்தமாக இருந்தது. ஒரு முழ நூல் தீர்ந்ததும் அதன் மிச்ச நுனியான வாலை முந்தின தையல்களுக்கு அடியில் செருகி, நறுக்கி, புது நூலை அதே மாதிரி செருகித் தொடங்கியிருந்தாள். முழத்துக்கு மேல் நூல் எடுத்தால் துணியில் உரசிப் பிசிறடிக்கும் என்பதால் எல்லாரும் செய்கிற முறைதான். இரண்டாவது கிளியின் உடம்பும் வாலும் அப்படியே.

சிறகு வேறு மாதிரி இருந்தது. முன்பக்கம் குறை சொல்ல முடியாது. இழைக்குப் பக்கத்தில் இழை படுத்து, விரல்கள் மிக நுணுக்கமாக வேலை செய்திருந்தன. பின்பக்கத்தில் நூலுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. செருகிய நூல் வால் ஒன்றுகூடக் கிடையாது. நாலைந்து முழ நூலாவது செலவாகியிருக்கும், அத்தனையும் ஒரே இழையாக ஓடியது. இடையிடையே மட்டும் நெல்மணி நீளத்துக்கு லேசான தடிப்பு. தடிப்பு இருந்த இடங்களில் சாம்பல் நிறத்தில் அழுக்கு.

சிறகைத் தைத்தது ரேணுகாம்பாள் இல்லை. அப்படியானால் ஒன்பது மணிவரை அவள் உயிரோடு இருந்தாள் என்பதற்கும் ஆதாரமில்லை.

மறுநாள் காலை அதை ஏட்டிடம் காட்டினார். ஏட்டுக்குத் தையல் விளங்கவில்லை, சாம்பல் விளங்கியது. "பாத்திரம் தேய்ச்ச கை சார். அவளே ஒத்துக்கினாளே, சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்னு."

"தேய்ச்ச கைன்னா துணி பூரா அப்பியிருக்கணும் ஏட்டய்யா. இது தடிப்பு இருக்கிற இடத்துல மட்டும்தான் இருக்குது" என்றார் தேவசகாயம். ஏட்டு தொப்பியைக் கழற்றித் துடைத்தார்.

பத்து மணிக்குப் பிள்ளையார்பாளையம். பொன்னியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு உறையை அவள் கையில் கொடுத்தார்.

"இதைப் பாரும்மா. வேலை எப்படி இருக்கு?"

அவள் முன்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, அவர் எதிர்பார்த்தபடியே, புரட்டினாள். கட்டை விரல் சிறகின் மேல் போய் நின்றது. உறையை மடித்து அவரிடமே நீட்டினாள்.

"செறக நான்தான் தெச்சேன் சார்."

"எப்போ?"

"வந்ததும். பத்து மணிக்கு."

"ஒரு மணி நேரத்துல இத்தனையும் தெச்சி, பாத்திரமும் தேய்ச்சியா?"

"ஆமா சார்."

"அண்ணியை என்ன செஞ்சே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அறை வாசலில் நின்ற முனிரத்தினம், நான் சொன்னேனே என்பது போல மீசையைத் தடவினார்.

தேவசகாயம் பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளைத் துணியும் ஊசியும் நூல்கண்டும் எடுத்து வைத்தார். "ஒரு இலை தைச்சுக் காட்டு. நூல் தீர்ந்ததும் அடுத்த நூல் எடுக்கிற வரைக்கும்."

பொன்னியம்மாள் முதலில் எழுந்துபோய்க் கையைக் கழுவி, முந்தானையில் ஒற்றிக்கொண்டு வந்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நூலை அளந்து நறுக்கினாள். இலை வளர்ந்தது. நூல் தீர்ந்தது. துணியைப் புரட்டி, வாலைத் தையலுக்கு அடியில் செருகி நறுக்கினாள். அதற்குப் பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. ஊசியைக் கீழே போட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணி செத்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

"யாரோட வேலைன்னு உனக்குத் தெரியும்" என்றார் தேவசகாயம் மெதுவாக. "நீ சொல்ல வேணாம்மா. நான் உன்னைக் கேட்கவும் மாட்டேன்."

வெளியே வந்தபோது எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பண்டிகை முடிந்துவிட்டது. கண்ணாயிரம் குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தேவசகாயம் போய்ப் பக்கத்தில் குந்தினார். என்ன கேட்பது என்று அவருக்கே திட்டமில்லை. நெய்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தது. கண்ணாயிரம் தறியை நிறுத்தினார். பக்கத்துக் கொட்டாங்கச்சியிலிருந்த சாம்பலை விரலில் தொட்டார். அறுந்த இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். இழை ஒன்றாகிவிட்டது. மறுபடி நெய்யத் தொடங்கினார்.

"முடிச்சுப் போட மாட்டீங்களா?"

"முடிச்சுப் போட்டா அச்சுப் பல்லுல மாட்டிக்கும் சார். முறுக்குனா போதும், நிக்கும்."

"இதை எல்லாரும் இப்படித்தான் செய்வீங்களா?"

"பொறந்த கொழந்தைக்கு விபூதி வெக்கறதுக்கு முன்னால எங்க வூட்ல இதான் சொல்லித் தருவாங்க" என்று சிரித்தார் கண்ணாயிரம். எதிர்வீட்டைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

தேவசகாயம் சிரிக்கவில்லை. "பழனி தறியில கடைசியா என்ன ஓடிச்சு?"

"கிளிப்பச்ச சார். போகியன்னிக்குத்தான் தறியிலேர்ந்து சேலைய எறக்கினோம். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மொதலாளிகிட்ட குடுக்கப் போனோம்." கண்ணாயிரம் தறியை நிறுத்திவிட்டுத் தயங்கினார். "அங்கதான் ஒரு வார்த்த வந்திடிச்சி. எடை போட்டதுல அவன் சேலை கொஞ்சம் கொறஞ்சிது. மொதலாளி சிரிச்சிக்கினே, 'ஒன் பொண்டாட்டி கிளி தெக்கறாளாமே பழனி, பச்ச நூலு எங்கேர்ந்து வருது'ன்னு கேட்டுட்டாரு. பத்து பேரு இருந்தாங்க. இவன் ஒண்ணும் பேசல. வழியிலயும் பேசல."

பட்டை எடை போட்டு வாங்கி, சேலையாக நெய்து, எடை போட்டுக் கொடுக்கிற தொழில் அது. பட்டைத் திருடியவன் என்ற பேர் ஒரு தரம் வந்துவிட்டால் அப்புறம் ஊரில் எவரும் நெய்யப் பாவு தரமாட்டார்கள். அதைவிடப் பெரிய அவமானம் ஒரு நெசவாளிக்குக் கிடையாது.

முதலாளி கலியாணசுந்தரம் ஒன்றையும் மறைக்கவில்லை. "அடைமழையில எடை போட்டுக் குடுத்த பட்டு சார். ஈரத்துல எடை கூடத்தான் இருக்கும். காய்ஞ்சா கொறையும். வருஷா வருஷம் நடக்கறதுதான். கூலியில நான் புடிக்கக்கூட இல்ல. விளையாட்டாச் சொன்னேன்" என்றார். பிறகு எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்டார். தேவசகாயம் சொன்னார். திண்டில் சாய்ந்திருந்த கலியாணசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பழனியின் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். தணிகாசலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பொன்னியம்மாள் கதவுக்குப் பின்னால். பழனி காலித் தறிக்குப் பக்கத்தில் நின்றான். தேவசகாயம் உறையைப் பின்புறமாகக் கட்டிலில் விரித்தார்.

"இந்தச் சிறகை ரேணுகாம்பாள் தைக்கலை" என்றார். "தைச்சவங்களுக்கு ரெண்டு விஷயம் தெரியாது. எழுந்து போறப்போ வளையத்தைக் கழட்டணும். நூல் தீர்ந்தா வாலைச் செருகி முடிச்சிட்டு, புது நூலில தொடங்கணும். இவங்க ஒவ்வொரு தடவையும் புது நூலைப் பழைய நூலோட சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்திருக்காங்க. ஊசி புடிச்ச யாரும் இதைச் செய்ய மாட்டாங்க. தறியில உட்கார்ந்தவங்க கை இது."

"இந்தத் தெருவுல எல்லாருமே தறிக்காரங்கதான் சார்" என்றார் முனிரத்தினம். இந்தத் தடவை அதட்டல் இல்லை.

"ஆமா. ஆனா இந்தச் சிறகால யாருக்கு உபயோகம்? செத்துப்போன பொண்ணு காலையில தைச்சிக்கிட்டிருந்தான்னு நாம நம்பணும். அப்படி நம்பினா எட்டு மணிக்கு பஸ் ஏறின ஆள் தப்பிச்சான். பத்து மணிக்கு வந்த பொண்ணு மாட்டிக்கிட்டா. கண்ணாயிரமும் மத்தவங்களும் காலையெல்லாம் இதே தெருவுல இருந்தவங்க. அவங்களுக்கு இதனால ஒரு காசு பிரயோஜனமில்லை." தேவசகாயம் திரும்பினார். "எட்டு மணி பஸ்ஸுல போனது நீதான் பழனி."

பழனி மறுக்கவில்லை. மறுப்பான் என்று தேவசகாயமும் நினைக்கவில்லை. இரண்டு நாளாகச் சுமந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது போல அவன் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்தான்.

"போகியிலேர்ந்து கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன் சார். வாய் வரல. பொன்னி பாத்துட்டு, அண்ணன் மொறைக்குது, இந்த உறையெல்லாம் வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லிச்சாம். நேத்து எம்பொண்டாட்டி விடியறதுக்கு முன்னாலயே எழுந்து, வளையத்த மாட்டிக்கினு வெளிச்சத்துக்குக் காத்துக்கினு இருந்துது. வெளக்குல அந்தப் பச்ச பளபளன்னுச்சி. இது ஏதுன்னேன். கடையிலன்னுச்சி. பொய் சொல்றியான்னு தள்ளினேன். ஒரே தள்ளு சார். தறிக்கால்ல மண்டை பட்டுது. அவ்ளோதான்."

தணிகாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கூப்ட்டுப் பாத்தேன். தண்ணி தெளிச்சேன். ஒண்ணுமில்ல. கெணத்துல... போட்டுட்டு வந்து பாக்கறேன், உறை அப்படியே கெடக்குது. கங்கையம்மாக்கா மொத நாளு சாயந்தரம் பாத்துதே, செறகு வெறுமையா இருந்தா ராத்திரியே செத்துட்டான்னு சொல்லுமேன்னு தோணிச்சி. முடிஞ்ச கிளிய எதிர்ல வெச்சிக்கினு, அது மாதிரியே தெச்சேன்."

"தங்கச்சி மாட்டிக்கும்னு நினைக்கலையா?"

"அது சாயந்தரம்தான் வரும்னு இருந்தேன் சார். கர்த்தர் சத்தியமா... சாமி சத்தியமா." எதிரில் இருப்பவர் கிறிஸ்தவர் என்று அந்த நிலையிலும் அவனுக்கு ஞாபகம் வந்து, சத்தியம் தடுமாறியது. கதவுக்குப் பின்னால் பொன்னியம்மாள் விம்முவது கேட்டது.

தேவசகாயம் எழுந்திருக்கப் போனார். கேட்க வேண்டியது முடிந்துவிட்டது. ஆனால் பழனி கைகளை மடியில் வைத்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊசியில கோத்திருந்த மொத நூலு தீந்துது சார், அது வரைக்கும் புத்தியே இல்ல. அடுத்ததத் தொட்டு முறுக்கினேன். நிக்கல. சாம்பல் தொட்டு மறுபடி முறுக்கினேன், ஒட்டிச்சி, ஆனா பட்டு மாதிரி வழவழன்னு அடங்கல, தடிச்சி நின்னுது. அப்பத்தான் வெரலுக்குத் தெரிஞ்சிது. பட்டு இல்ல சார் அது. பருத்தி. கடைக் கண்டு. நாலு வருஷமா அது தெச்ச ஒண்ணத்தக்கூட நான் தொட்டுப் பாத்ததில்ல."

ஒரு தரம் தொட்டிருந்தால் போதும். எந்த நெசவாளிக்கும் இருட்டில் கண்ணைக் கட்டினாலும் தெரிகிற வித்தியாசம் அது.

"தெரிஞ்ச பிறகு?" என்றார் தேவசகாயம். தேவையில்லாத கேள்வி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெச்சிக்கினேதான் இருந்தேன் சார். பஸ்ஸுக்கு நேரம் ஆவற வரைக்கும்."

தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடிப்பாரோ என்று முனிரத்தினம் குறுக்கே போனார். பெரியவர் அடிக்கவில்லை. "அந்த நூலு நான் வாங்கிக் குடுத்தது மாப்ள" என்றார். "ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? அத்தயும் செஞ்சிட்டு எம்பக்கத்துலதானே ஒக்காந்து சாப்ட்டே." இவ்வளவுக்குப் பிறகும் மாப்பிள்ளை என்றுதான் அவருக்கு வாயில் வந்தது.

பழனியை ஏட்டு கூட்டிக்கொண்டு போனார். விலங்கு மாட்டவில்லை, அதட்டவும் இல்லை. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

தேவசகாயம் உறையை மடித்துக் காகிதத்தில் சுற்றினார். பொன்னியம்மாள் கதவை விட்டு வெளியே வந்தாள். அவள்மேல் இருந்த சந்தேகம் நீங்கிவிட்டது. ஆனால் அண்ணி இல்லை, இனி அண்ணனும் இல்லை. இந்த வீட்டுப் பெண்ணை அந்த மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்களா என்று யாருக்கும் தெரியாது.

"சார், அந்தச் செறக மட்டும் பிரிச்சி எடுத்துடலாமா? அண்ணி வுட்ட எடத்துலயே இருக்கட்டும்."

துணி நோகாமல் ஒவ்வொரு இழையாகப் பிரிக்க அவருக்குத் தெரியும். ஒரு மணி நேர வேலை. அந்த நிமிஷத்தில் அவருக்குப் போலீஸ் உத்தியோகமே வெறுத்துப்போயிற்று.

"கேஸ் முடியற வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாதும்மா" என்றார்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய் விளக்கை ஏற்றினாள்.